லூசியனுக்கு ஒரு ஓட்டு

வேட்பாளர் என்று ஒருவர் ஓட்டுக் கேட்டு வீடு தேடி வந்தால் எங்கள் ஊரில் யாரும் கதவைத் திறப்பதில்லை. நாய் மட்டும் குரைக்கும். பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை காலை குப்பைக் கிடங்கில் பார்த்துக்கொள்வோம். ஹார்ட்வெல் ஹாலோவில் வீடு வீடாகக் குப்பை அள்ளும் வண்டி கிடையாது. அவரவர் குப்பையை அவரவரே பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். அதனால் அந்த ஒரு காலையில் ஊர் மொத்தமும் அங்கே வந்து போகும். கண்ணாடி போடுகிற தொட்டிக்கும் அட்டை போடுகிற தொட்டிக்கும் நடுவில்தான் வேட்பாளர் நிற்க வேண்டும். நாங்கள் பாட்டிலைப் போட்டுக்கொண்டே அவர் பேச்சைக் கேட்போம். பேச்சு பிடிக்கவில்லை என்றால் பாட்டிலைக் கொஞ்சம் ஓங்கிப் போடுவோம்.

நிற்கிறவர் தன் வீட்டுக் குப்பையையும் கொண்டுவர வேண்டும். சட்டம் ஒன்றுமில்லை. ஆனால் வருஷத்தில் பாதி நாள் பனிக்குள் அடைந்து கிடக்கிற சனம், ஓர் ஆள் எதைத் தின்கிறான், எதைத் தூக்கி எறிகிறான் என்று பார்க்காமல் சட்டசபைக்கு அனுப்பிவிடுமா?

வெர்மான்ட் மாநிலச் சட்டசபையில் எங்கள் ஊருக்கும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற சில வீடுகளுக்கும் சேர்த்து ஓர் இடம். நவம்பர் தேர்தல் பேருக்குத்தான். எதிர்க்கட்சி எங்கள் பக்கம் ஆளே நிறுத்துவதில்லை. கட்சி சார்பில் யாரை நிறுத்துவது என்று ஆகஸ்டில் ஓட்டுப் போடுகிறோமே, அதில் ஜெயித்தவர்தான் ஜனவரியில் தலைநகரத்துக்குப் போவார். இந்தத் தடவை இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கவில்லை. யாரை எனக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் கரண்டி பிடித்தவள் நான். இந்த ஊரில் யார் யார் சின்ன வயசில் காய்கறியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. என் வீட்டுக்காரன் ரோலண்டுக்குச் சிறுநீரகம் கெட்டுப் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் விடியும்போதே மலையிறங்கிப் பள்ளத்தாக்கில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒரு நாள் தவறினால் முகம் ஊதும். அதற்கு மேல் தவறினால் என்ன ஆகும் என்று நான் யோசிப்பதில்லை. எங்கள் வீடு மலைச்சாலையில் கடைசி வீடு. ராத்திரி பனி கொட்டினால் காலையில் சாலை எது, வயல் எது என்றே தெரியாது. ஊர்ச் சாலைகளில் பனி தள்ளுகிற லாரியை ஓட்டுகிறவன் லூசியன் பெல்ரோஸ். முதலில் பெரிய சாலை, பிறகு பள்ளிக்கூடச் சாலை, கடைசியில்தான் மலை என்பது ஊர்ச்சபை போட்ட வரிசை. ஆனால் ரோலண்ட் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாட்களில் லூசியன் எல்லாவற்றுக்கும் முன்னால் எங்கள் மேட்டுக்குத்தான் வருவான். யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சமையலறை ஜன்னலில் அவன் லாரியின் மஞ்சள் விளக்கு சுற்றிச் சுற்றி விழும், நான் ரோலண்டுக்குக் கோட்டை மாட்டுவேன்.

ஒரு தடவைகூட நாங்கள் அவனுக்கு நன்றி சொன்னதில்லை. திமிர் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் வாயைத் திறந்து தேங்க்ஸ் சொல்வது சாவு வீட்டில் மட்டும்தான். சவப்பெட்டி தூக்கினவர்களுக்கு வரிசையாகக் கை கொடுத்துச் சொல்வோம். மற்ற நாளில் அந்த வார்த்தையைச் சொன்னால் சொல்கிறவருக்கும் கூச்சம், கேட்கிறவருக்கும் கூச்சம். அதற்குப் பதிலாக நாங்கள் ஓட்டுச் சீட்டில் எழுதுவோம்.

ஓட்டுச் சீட்டில் வேட்பாளர் பெயர்களுக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு இருக்கும். அச்சடித்த பெயர் எதுவும் பிடிக்காதவர்கள் தாங்களே ஒரு பெயரை அதில் எழுதிக்கொள்ளலாம். வேறு ஊரில் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்களோ தெரியாது. எங்கள் ஊரில் அந்த வருஷம் நமக்கு நல்லது செய்தவர் பெயரை எழுதுவோம். மாலையில் ஊர் எழுத்தர் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டவர் தன் காலணியைக் குனிந்து பார்ப்பார். அத்தோடு கணக்குத் தீர்ந்தது. ஒரு வருஷம் தீப்பிடித்த வீட்டில் குரைத்து எழுப்பின நாய்க்கு நான்கு ஓட்டு விழுந்தது. அந்த நாய் மட்டும்தான் காலணியைப் பார்க்கவில்லை.

சரி, வேட்பாளர்களுக்கு வருகிறேன். முதல் ஆள் பிரெஸ்டன் விட்லாக். கனெக்டிகட் மாநிலத்திலிருந்து எட்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து குடியேறினவர். எட்டு வருஷம் என்றால் எங்கள் கணக்கில் நேற்று மாலை. நல்ல மனுஷர்தான், சிரித்த முகம், ஆனால் அந்த வீட்டில் குப்பையே கிடையாது. எல்லாவற்றையும் மண்ணில் புதைத்து உரமாக்கிவிடுவார்கள். இப்படிக் குப்பையே இல்லாத ஆளை எப்படி நம்புவது என்று கிடங்கில் பேச்சு எழுந்தது. அது அவர் காதுக்குப் போயிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை ஒரு பழைய பிக்கப் வண்டியில் இரண்டு மூட்டையோடு வந்து இறங்கினார். எல்லாருக்கும் காட்டுவதுபோல ஒரு மூட்டையைத் தூக்கினார். அது அடியில் கிழிந்தது. உள்ளேயிருந்து முட்டை ஓடு, பழைய செய்தித்தாள், அதற்குப் பின்னால் ஒரு பல்செட் விழுந்து உருண்டு வந்தது.

கிடங்கைப் பார்த்துக்கொள்கிற ஆரின் குனிந்து அதை எடுத்தான். ஈஸ்டர் விருந்தன்று காணாமற்போன அவனுடைய பல்செட் அது. அன்றிலிருந்து அவன் என்ன பேசினாலும் பாதிதான் புரியும், நாங்களும் மீதியைக் கேட்காமல் விட்டிருந்தோம். அவன் அதைக் கால்சட்டையில் துடைத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தான். பிறகு நான்கு மாதத்தில் முதல் தடவையாகத் தெளிவாகப் பேசினான்.

"இது உங்க குப்பை இல்லையே, பிரெஸ்டன். இது என் கொழுந்தியா வீட்டுக் குப்பை."

பாவம், மனுஷர் அவளிடம் போய் இரண்டு மூட்டை குப்பை இரவல் கேட்டிருக்கிறார். கேட்டவர் பெரிய மனுஷராயிற்றே என்று அவளும் சோபாவுக்கு அடியிலெல்லாம் கூட்டிப் பெருக்கிக் கொடுத்திருக்கிறாள். பிரெஸ்டன் முகம் தக்காளியாகச் சிவந்தது. அப்படியும் விடாமல், ஊருக்கு எது தேவையோ அதைச் செய்யத் தயார், எந்த வேலையானாலும் சரி என்று பேசி முடித்தார். நான் ஒரு ஊறுகாய் பாட்டிலை ஓங்கிப் போட்டேன்.

இரண்டாவது ஆள் ஹெஸ்டர் பிங்க்ரீ. எழுபதைத் தாண்டின அம்மாள், ஊரில் பாதிப் பேருக்கு ஆறாம் வகுப்பு எடுத்தவர். அந்த அம்மாளின் குப்பையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பால் டப்பாக்களைக் கழுவி, உலர்த்தி, மடித்து, நூல் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். அதுதான் தொல்லையே. நாங்கள் அவர் குப்பையைப் பார்ப்பதற்குள் அவர் எங்கள் குப்பையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். என் கூடையிலிருந்து இரண்டு விரலால் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டி, மூடி வேறு, பாட்டில் வேறு என்று எத்தனை தடவை சொல்வது என்றார். அறுபதை எட்டப் போகிற நான், "சாரி மிஸ்" என்று சொல்லித் தொலைத்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த அம்மாள் சட்டசபைக்குப் போனால் அங்கிருந்து எங்களுக்கு வீட்டுப்பாடம் அனுப்புவார்.

அன்று லூசியனும் அங்கேதான் இருந்தான். குப்பையை ஒதுக்குகிற இயந்திரத்தில் உட்கார்ந்துகொண்டு யார் பேச்சும் காதில் விழாத மாதிரி வேலை பார்த்தான். எங்கள் வண்டியில் பழைய ஐஸ் பெட்டி ஒன்று கிடந்தது. ரோலண்டால் தூக்க முடியாது. எப்படி இறக்குவது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே லூசியன் இறங்கி வந்து அதை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பியும் பார்க்கவில்லை. நானும் வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்றேன்.

குப்பை போட்டு முடித்தபின் யாரோ தூக்கி எறிந்த நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நிதானமாக எடை போட்டோம். ஹெஸ்டர் பயமுறுத்தினாலும் நம்ம ஊர்க்காரி என்றார்கள் சிலர். குப்பையை இரவல் வாங்கியாவது நம்மோடு சேரப் பார்த்தாரே, அந்த மரியாதைக்காகவாவது பிரெஸ்டனுக்குப் போடலாம் என்றார்கள் சிலர். ஆரின் தன் பல் திரும்பக் கிடைத்ததற்கு நன்றிக்கடனாகப் பிரெஸ்டனா, அவர் பொய் சொன்னதற்காக ஹெஸ்டரா என்று மாற்றி மாற்றிப் பேசினான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒன்று நிச்சயமாகிவிட்டது. இந்த இரண்டு பேரில் யாரோ ஒருவரை இவர்கள் எப்படியும் அனுப்பிவிடுவார்கள். என் ஒரு ஓட்டால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

ஆகவே தேர்தலன்று ஊர் மண்டபத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, வெற்றுக் கோட்டில் லூசியன் பெல்ரோஸ் என்று எழுதினேன். போன குளிர்காலம் அப்படிப்பட்டது. மலையே மூடிப் போகிற அளவுக்குப் பனி. ரோலண்ட் ஒரு நாள்கூடத் தவறவில்லை. எழுதி முடித்ததும் மனசு லேசாக இருந்தது. எங்கே பார்த்துவிடுவார்களோ என்று சீட்டை நான்காக மடித்துப் பெட்டியில் போட்டேன்.

மாலையில் எண்ணிக்கைக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். லூசியன் பின்னால் கதவோரம் நின்றான், எப்போதும் அங்கேதான் நிற்பான். ஊர் எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். ஹெஸ்டர் பிங்க்ரீ. பிரெஸ்டன் விட்லாக். லூசியன் பெல்ரோஸ். என்னுடையதுதான் என்று நினைத்துக் குனிந்துகொண்டேன். லூசியன் தன் காலணியைப் பார்த்தான். ஹெஸ்டர் பிங்க்ரீ. லூசியன் பெல்ரோஸ். அட, இன்னொருவருக்கும் நன்றி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். லூசியன் பெல்ரோஸ். லூசியன் பெல்ரோஸ். பிரெஸ்டன் விட்லாக். லூசியன் பெல்ரோஸ். அதற்கு மேல் யாரும் குனியவில்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். லூசியன் மட்டும் இன்னும் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது இரண்டும் சிவந்துபோய், கடைசியில் கதவைத் திறந்து வெளியே போய்விட்டான்.

எழுத்தர் கூட்டிப் பார்த்தார். திரும்பவும் கூட்டிப் பார்த்தார். மற்ற இரண்டு பேர் வாங்கினதைச் சேர்த்தாலும் லூசியன் வாங்கினதற்குக் கீழேதான் இருந்தது. அக்கரையிலிருந்து தொலைபேசியில் வந்த எண்ணிக்கையும் அதே கதைதான், அங்கேயும் பனி தள்ளுவது அவன்தானே.

"யாருய்யா இந்த வேலையைப் பண்ணினது?" என்றான் ஆரின்.

நான் ஒரே ஒரு ஓட்டுத்தான் போட்டேன் என்று ஒருவர் சொன்னார். நானும் ஒன்றுதான் என்றார் இன்னொருவர். என் வீட்டில் எனக்குத் தெரியாமல் அவளும் போட்டிருக்கிறாள் என்றார் மூன்றாமவர். மண்டபம் முழுக்க இதே பேச்சு. மற்றவர்கள் ஒழுங்காக ஓட்டுப் போடுவார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பியிருக்கிறோம். ஹெஸ்டர் எழுந்து, முழு வகுப்பும் தோற்றுவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டசபை ஜனவரியில் கூடும், மே மாதம் சேறு காயும்போது கலையும். அதாவது பனி விழுகிற காலம் முழுக்க லூசியன் தலைநகரத்தில் உட்கார்ந்திருப்பான். லாரி இங்கே ஷெட்டில் நிற்கும். ரோலண்டைப் பார்த்தேன். அவன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டு, வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

மறுநாளே ஆப்பிள் பை பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு லூசியன் வீட்டுக்குப் போனேன். இந்தப் பதவி வேண்டாம் என்று அவனை எழுதிக் கொடுக்க வைக்க வேண்டும். அதற்குச் சில நாள் அவகாசம் இருந்தது. லூசியன் தனிக்கட்டை. என்னைப் போன்றவர்கள் அவன் வீட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. கதவைத் திறந்தவன் வெள்ளைச் சட்டை போட்டு, அவன் அப்பாவின் சாவுக்குக் கட்டின கறுப்பு டையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"இது நேரா இருக்கா, நோர்மா? கண்ணாடியில பார்த்தா எல்லாம் கோணலாத் தெரியுது."

நான் டையை நேராக்கிவிட்டேன். அவன் உட்காரச் சொன்னான். காப்பி போட்டான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"எனக்கு வர்ற போன் எல்லாம் ஒரே விஷயம்தான். தபால் பெட்டியை இடிச்சுட்டே, புல்வெளியைக் கிழிச்சுட்டே. நீங்களே மூணு தடவை கூப்பிட்டிருக்கீங்க. ஊர்ல ஒருத்தருக்கும் என்னைப் பிடிக்காதுன்னுதான் இத்தனை வருஷம் நினைச்சிட்டிருந்தேன்."

மூன்று தடவை கூப்பிட்டது உண்மைதான். பனி தள்ளும்போது எங்கள் தபால் பெட்டியை இடித்துவிட்டான் என்று கத்தினேன். அந்தப் பெட்டியைத் தாண்டி அவன் விடியற்காலையில் எதற்கு வந்தான் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அப்படியும் வந்த காரியத்தை விடவில்லை. இந்த உலகத்தில் எனக்கு ரோலண்ட் ஒருத்தன்தான்.

"நீ ஜனவரியில போயிட்டா, ரோலண்டை யாருப்பா கீழ கொண்டு போறது?"

லூசியன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். அது அவனுக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஏன் எனக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டான். எல்லாரும் தலைக்கு ஒன்று, நீ செய்ததற்காகப் போட்டது, ஜெயிக்க வைப்பதற்கு இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது.

"நேர்லயே சொல்லியிருக்கலாமே, நோர்மா," என்றான்.

பிறகு டையைக் கழற்றி, மடித்து, மேசை மேல் வைத்தான். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன், ரோலண்டைப் பயப்படாமல் இருக்கச் சொல்லுங்கள் என்றான். அப்போதாவது நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆப்பிள் பை ஆறிவிடும், சீக்கிரம் சாப்பிடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் ரோலண்டிடம் காரியம் முடிந்தது என்றேன். அவன் சந்தோஷப்படவில்லை. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டான், டை உட்பட.

"அப்ப போட்ட ஓட்டைத் திருப்பி வாங்கிட்டு வந்திருக்கே. அதுவும் என் பேரைச் சொல்லி."

"உன் உயிருடா அது," என்றேன்.

"என் உயிர்தான். அதை வெச்சு ஒருத்தன் கழுத்து டையைக் கழட்டச் சொல்லி நான் கேட்டேனா? போ, வேற வழி பாரு. உனக்கு வாய் இருக்கே, இந்த மலை அளவுக்கு."

கோபம் தலைக்கேறியது. அவன் மேல், என் மேல், பனி மேல், எல்லார் மேலும். அந்தக் கோபத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பிரெஸ்டன் விட்லாக் வீட்டுக்குப் போனேன். அவர் தோட்டத்தில் நட்டிருந்த தன் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஊருக்கு எந்த வேலையானாலும் செய்வேன் என்று குப்பைக் கிடங்கில் சொன்னீர்களே, அது நிஜமா என்று கேட்டேன்.

"சொன்னேன். அது ஒரு கொள்கை அளவுல..."

"பனி என்ன கொள்கை அளவுலயா பெய்யுது? லாரி ஓட்டக் கத்துக்குங்க."

அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படி ஓட்டினால் என்னை இந்த ஊர்க்காரன் என்று ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. எட்டு வருஷமாக அவர் மனசில் இருந்த கேள்வி அது.

"மாட்டோம். ஆனா எதிர்ல பார்த்தா கையாட்டுவோம்," என்றேன்.

அது போதும் என்றார் அந்த மனுஷர். வேறு யாரும் அந்த வேலைக்கு வராததால் ஊர்ச்சபையும் ஒத்துக்கொண்டது. நான் லூசியன் வீட்டுக்குத் திரும்பப் போய், கதவிடுக்கு வழியாகவே டையை எடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

அந்த இலையுதிர்காலத்தை எங்கள் ஊர் மறக்காது. செப்டம்பரில் பனி ஏது? லூசியன் லாரிக்கு முன்னால் இரும்புப் பலகையை மாட்டி, பிரெஸ்டனைப் பக்கத்தில் உட்காரவைத்து, மலைச்சாலையில் காய்ந்த இலைகளைத் தள்ளப் பழக்கினான். ஒரு சின்ன இலை விடாமல் பெருக்கின சாலையில் மறுநாள் காற்று புதிதாக இலையைக் கொட்டும், திரும்பத் தள்ளுவார்கள். ஹெஸ்டர் பிங்க்ரீ சும்மா இருப்பாரா? சாயங்காலங்களில் லூசியனைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, கூட்டத்தில் எழுந்து நின்று பேசுவது எப்படி என்று பாடம் எடுத்தார். அந்த அம்மாள் மேசை மேல் தட்டித் தட்டி, தலையை நிமிர்த்து, காலணியைப் பார்க்காதே என்று கத்துவது சாலை வரைக்கும் கேட்கும். சனிக்கிழமைகளில் நாங்கள் குப்பைக் கிடங்கில் உட்கார்ந்து பிரெஸ்டனைத் திரும்பவும் எடை போட்டோம். திருப்பத்தில் வேகம் என்றார்கள். பலகையைத் தூக்க மறந்துவிடுகிறார் என்றார்கள். யாரும் பாட்டிலை ஓங்கிப் போடவில்லை.

டிசம்பரில் முதல் பெரிய பனி விழுந்தது. ரோலண்ட் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். எழுந்து பார்த்தால் வாசற்படியே காணோம். ரோலண்டுக்குக் கோட்டு, தொப்பி எல்லாம் மாட்டி, ஷெட்டில் நின்ற காரில் உட்காரவைத்தேன். சமையலறைக்குத் திரும்பி ஜன்னலோரம் நின்றேன். மேட்டில் இருட்டுதான் இருந்தது. போன வருஷமானால் இந்நேரம் விளக்கு வந்திருக்கும் என்று தோன்றியது. கடவுளே, அந்த ஆளை நம்பி என் புருஷனைப் பணயம் வைத்துவிட்டேனே என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்புறம் மஞ்சள் விளக்கு தெரிந்தது. மெதுவாக, ரொம்ப மெதுவாக, திருப்பத்தில் ஒரு தடவை நின்று, திரும்பக் கிளம்பி, எங்கள் மேட்டில் ஏறி வந்தது. வந்து எங்கள் வாசலில் படார் என்று ஒரு சத்தம். தபால் பெட்டி போயிற்று.

நான் செருப்போடு பனியில் ஓடினேன். ஓட்டுகிற இடத்தில் பிரெஸ்டன் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெளுத்துப்போய் இருந்தார். பக்கத்து இருக்கையிலிருந்து லூசியன் இறங்கி, உடைந்த பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். திட்டு வாங்கத் தயாராக நின்றான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவனுக்குப் பின்னால் சாலை சுத்தமாக, கறுப்பாக, பள்ளத்தாக்கு வரைக்கும் இறங்கிப் போனது. ஜனவரிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் நான் எப்போதுமே சொல்லப் போவதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தேங்க்ஸ், லூசியன்," என்றேன்.

அவன் என்னை வெறித்துப் பார்த்தான். கையிலிருந்த பெட்டியை மெதுவாகப் பனியில் வைத்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். மேலே லாரியில் பிரெஸ்டனும் தொப்பியைக் கழற்றினார், எட்டு வருஷத்தில் அந்த அளவுக்கு அவரும் ஊர்க்காரர் ஆகியிருந்தார்.

"எப்ப ஆச்சு?" என்று லூசியன் குரல் உடைந்து கேட்டான். "நான் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும், நோர்மா. இவரு திருப்பத்துல நிறுத்திட்டாரு. மன்னிச்சுக்குங்க. ரோலண்ட் ரொம்ப நல்ல மனுஷன்."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது வாயைத் திறக்க முடியாதபடி அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதைப் பார்த்து அவனும் அழ ஆரம்பித்தான். இத்தனை குளிர்காலம் எங்களுக்காக முன்கூட்டி வந்தவன், ரோலண்டுக்காகப் பனியில் தலைமேல் ஒன்றுமில்லாமல் நின்று அழுதான்.

ஷெட்டுக்குள்ளிருந்து ரோலண்ட் நீளமாக ஹாரன் அடித்தான், நேரமாகிறதாம்.